காவல்துறைப் பதவி உயர்வுத் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண்ணும் வினாத் தரமும்: அமெரிக்க வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறையில் பதவி உயர்வுக்கென நடத்தப்பெறும் எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண் எவ்வாறு வரையறுக்கப்படுகிறது, வினாக்களின் தரம் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்னும் இரண்டையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மெம்பிஸ், பாஸ்டன் ஆகிய நகரங்களின் தேர்வுகள் குறித்து எழுந்த வழக்குகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தேர்ச்சி மதிப்பெண்ணும் வினாத் தரமும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. வினாக்களோடு தொடர்பின்றி வரையப்பட்ட தேர்ச்சி மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: பதவி உயர்வுத் தேர்வு, தேர்ச்சி மதிப்பெண், ஏற்புடைமை, நம்பகத்தன்மை, வினாப் பகுப்பாய்வு, பாதக விளைவு.

முன்னுரை

அமெரிக்க நகரக் காவல்துறைகளில் ரோந்துப் பணியாற்றும் காவலர், பிறரை மேற்பார்வையிடும் பொறுப்புக்கு முதன்முதலில் உயர்வது சார்ஜண்ட் பதவியில்தான். அதற்கு மேல் லெப்டினன்ட், கேப்டன் எனப் படிநிலைகள் அமைகின்றன. இப்படிகளில் ஏறுவதற்குப் பல நகரங்களில் எழுத்துத் தேர்வே முதல் வாயில். அரசுப் பணிகளைக் கட்சிக்காரர்களுக்கு வாரி வழங்கிய வழக்கத்திற்கு எதிராகக் கூட்டாட்சி அரசு 1883இல் பென்டில்டன் சட்டத்தை இயற்றியது. மாசசூசெட்ஸ் மாநிலம் அடுத்த ஆண்டே தனக்கெனக் குடிமைப் பணிச் சட்டம் கண்டது. பரிந்துரைக்கு மாற்றாகவே தேர்வு வந்தது. தேர்வுகளைக் குறைகூறுவோர் பலர் அது எந்நோய்க்கு மருந்தாக வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர் என்பதால் இதனை முதலிலேயே சொல்லவேண்டியுள்ளது.

ஆயினும் மருந்தும் அளவு பார்த்துக் கொடுக்கப்பட வேண்டியதே. பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர் 69 மதிப்பெண் பெற்று நிற்க, 70 பெற்றவர் பட்டியலில் இடம்பெறுகிறார். அந்த ஒரு மதிப்பெண் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓர் இரவுப் பணியில் துப்பாக்கியை எடுப்பதா வேண்டாவா எனத் தயங்கும் இளங்காவலருக்கு ஆணையிடும் குரல் யாருடையது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. எனவே அந்த ஒரு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது தகும்.

சட்டப் பின்புலம்

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு வேலைவாய்ப்பில் இனம், நிறம், பாலினம் முதலியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. 1972இல் அது மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கும் விரிவாக்கப்பட்டதால் நகரக் காவல்துறைகள் அதன் வரம்புக்குள் வந்தன. இதற்கிடையில் 1971இல் கிரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்பாட்டை நிறுவியது. தேர்வு நடத்துபவரின் நோக்கம் தூயதாயினும், அத்தேர்வு ஒரு பிரிவினரை மிகுதியாக வடிகட்டுமாயின், அது பணியோடு தொடர்புடையது என்பதை நிறுவும் பொறுப்பு பணியளிப்பவரைச் சாரும் என்பதே அது. இவ்வகை வடிகட்டலைப் ‘பாதக விளைவு’ என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

1982இல் கனெக்டிகட் மாநிலத்தைப் பற்றிய டீல் வழக்கு இதனை மேலும் கூர்மையாக்கியது. அங்கு எழுத்துத் தேர்வில் கறுப்பினத்தவரின் தேர்ச்சி விகிதம் வெள்ளையரின் விகிதத்தில் ஏறத்தாழ 68 விழுக்காடே இருந்தது. ஆயினும் தேறியவர்களுள் கறுப்பினத்தவரைக் கூடுதலாகப் பதவி உயர்த்தி மாநிலம் இறுதிக் கணக்கைச் சரிசெய்திருந்தது. இறுதிக் கணக்கு சரியாக இருப்பது போதாது. தேர்ச்சி மதிப்பெண் என்னும் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட தனிமனிதருக்கு அது விடையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. தேர்ச்சி மதிப்பெண்ணைத் தனியே எடுத்து வழக்காட முடிந்ததற்கு இத்தீர்ப்பே வழிகோலியது எனலாம்.

நடைமுறையில் பயன்படும் மற்றோர் ஆவணம் 1978இல் கூட்டாட்சி அமைப்புகள் வெளியிட்ட ஒருசீர் நெறிமுறைகள். ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம் மிகுதியான தேர்ச்சி பெற்ற பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்கிற்குக் குறையுமாயின் அதனைப் பாதக விளைவின் அறிகுறியாகக் கொள்ளலாம் என்பது அதில் உள்ள விதி. தேர்ச்சி மதிப்பெண், பணியிலுள்ளோரிடம் இயல்பாக எதிர்பார்க்கப்படும் ஏற்கத்தக்க திறனோடு பொருந்துவதாக அமைய வேண்டும் என்றும் அதே ஆவணம் கூறுகிறது. முன்னதைப் பிடித்துக்கொண்ட நிர்வாகிகள் பின்னதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பதை மெம்பிஸ் வழக்கு காட்டுகிறது.

எழுபதும் அறுபத்தாறும்

டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 2000ஆம் ஆண்டு லெப்டினன்ட் பதவிக்கான தேர்வு நடைபெற்றது. எழுத்துத் தேர்வு, செயல்முறைப் பயிற்சி, பணி மதிப்பீடு, பணிமூப்பு ஆகியன அதன் கூறுகள். எழுத்துத் தேர்வில் 70 பெற்றால்தான் அடுத்த கட்டம். இந்த 70, வினாக்களை ஆராய்ந்து பெறப்பட்டதன்று. நகராட்சிக்கும் காவலர் சங்கத்திற்கும் இடையிலான உடன்படிக்கையில் இருந்தது. மதிப்பெண்கள் வந்தபின் 70இல் நிறுத்தினால் ஐந்தில் நான்கு விதி மீறப்படும் எனத் தெரிந்தது. உடனே தேர்ச்சி மதிப்பெண் 66 ஆகக் குறைக்கப்பட்டது. விதி நிறைவேறியது.

66க்குக் கீழ்ப் பெற்ற கறுப்பினச் சார்ஜண்டுகள் வழக்குத் தொடுத்தனர். 2005இல் ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார். தீர்ப்பில் இரு செய்திகள் ஆய்வாளரின் கவனத்திற்குரியவை. முதலாவது, ஐந்தில் நான்கு விதியை நிறைவேற்றியதே குற்றமின்மைக்குச் சான்றாகாது, பிற புள்ளியியல் சோதனைகளையும் நோக்கலாம் என்பது. இரண்டாவது, தேர்வை வடிவமைத்த உளவியல் வல்லுநரே அத்தேர்ச்சி மதிப்பெண் தகுதியுள்ளாரையும் தகுதியற்றாரையும் பிரித்துக் காட்டவில்லை எனச் சாட்சியம் அளித்தார் என்பது. தேர்வின் ஆக்கியோனே அதன் வாயிற்கோட்டை மறுக்கும்போது நகராட்சியின் கையில் எஞ்சியது உடன்படிக்கை ஒன்றே.

ஐந்தில் நான்கு விதியின் இயல்பைக் கற்பனை எண்களால் விளக்கலாம். 600 பேர் கொண்ட ஒரு பிரிவில் 540 பேரும், 400 பேர் கொண்ட மற்றொரு பிரிவில் 296 பேரும் தேறியதாகக் கொள்வோம். விகிதங்கள் 90 விழுக்காடு, 74 விழுக்காடு. பின்னதை முன்னதால் வகுக்க 0.82 வரும், விதி மீறப்படவில்லை. ஆனால் இவ்வேறுபாடு திட்டப் பிழையைப் போல் ஆறு மடங்கிற்கும் மேற்பட்டது. தற்செயலாக நேர்ந்ததென்று சொல்ல இயலாது. மாறாக, பதின்மரில் எண்மரும் மற்றொரு பதின்மரில் அறுவரும் தேறினால் விகிதம் 0.75, விதி மீறப்படுகிறது. ஆனால் அவ்வேறுபாடு ஒரு திட்டப் பிழையளவைக்கூட எட்டவில்லை. விதி ஒரு முதற்கட்ட எச்சரிக்கை மணி. அதனைத் துலாக்கோலாகக் கொண்டதே மெம்பிஸ் நிர்வாகம் செய்த பிழை.

70 என்னும் எண்ணின் செல்வாக்கு மெம்பிஸோடு நிற்கவில்லை. பாஸ்டன் காவல்துறைத் தேர்விலும், 2009இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற நியூ ஹேவன் தீயணைப்புத் துறைத் தேர்விலும் அதே எண்தான். தமிழகப் பள்ளித் தேர்வில் 35 எவ்வாறு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டதோ அவ்வாறே அங்கு 70. நம் வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டிலும் கடினமாக அமைந்த ஆண்டிலும் 35 மாறுவதில்லை. அப்படியானால் இரு ஆண்டுகளிலும் தேறியோர் ஒரே தகுதியுடையோர் அல்லர் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

அளவையின் பிழை எல்லை

எந்தத் தேர்வும் ஒருவருடைய உண்மைத் திறனைப் பிழையின்றி அளப்பதில்லை. மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 10 என்றும் நம்பகத்தன்மைக் கெழு 0.84 என்றும் கொண்டால், அளவைத் திட்டப் பிழை 4 மதிப்பெண். இது மோசமான தேர்வன்று. வகுப்பறைத் தேர்வுகள் பல இந்த அளவைக்கூட எட்டா. இத்தேர்வில் உண்மைத் திறன் 72 ஆக உள்ள ஒருவர் மீண்டும் மீண்டும் எழுதுவதாகக் கொண்டால், ஏறத்தாழ பத்தில் மூன்று முறை 70க்குக் கீழே விழுவார். திறன் 68 ஆக உள்ளவர் ஏறத்தாழ அதே அளவில் மேலே வருவார்.

தேர்ச்சி, தோல்வி என்று பிரிப்பதோடு நில்லாமல், மதிப்பெண் வரிசைப்படியே பதவி உயர்வு வழங்கும்போது இச்சிக்கல் பெருகுகிறது. 84க்கும் 85க்கும் உள்ள வேறுபாடு அளவைப் பிழைக்குள் அடங்குவது. அதைக்கொண்டு ஒருவரை முன்னிறுத்துவதற்கு அளவையியல் ஆதரவில்லை. சான் பிரான்சிஸ்கோ காவல்துறை இதற்கு ஒரு வழி கண்டது. பிழை எல்லைக்குள் அடங்கும் மதிப்பெண்களை ஒரே பட்டையாகக் கருதி, அதனுள் பிற தகுதிகளை நோக்கித் தெரிவு செய்யும் முறை அது. 1992இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்றது. முந்தைய ஆண்டுச் சட்டத்திருத்தம் இனத்திற்கேற்ப மதிப்பெண்ணை மாற்றுவதையும் வெவ்வேறு தேர்ச்சி மதிப்பெண் வைப்பதையும் வெளிப்படையாகத் தடைசெய்திருந்த சூழலில், பட்டை முறை எல்லார்க்கும் ஒரே அளவுகோலாக நின்றது என்பது நோக்கத்தக்கது. பட்டையின் விளிம்பில் மீண்டும் ஒரு கோடு இருக்கத்தானே செய்கிறது என்னும் வினாவும் எழாமல் இல்லை.

தேர்ச்சி மதிப்பெண்ணை வினாக்களிலிருந்து பெறுதல்

வழக்கத்தால் வந்த எண்ணுக்கு மாற்றாகப் பரவலாகப் பயன்படுவது ஆங்காஃப் முறை. வில்லியம் ஆங்காஃப் 1971இல் வெளிவந்த நீண்டதோர் இயலில் இதனை மிகச் சுருக்கமாகவே குறிப்பிட்டார். இன்று அறியப்படும் வடிவமோ ஓர் அடிக்குறிப்பில் உள்ளது. அவ்வியலின் பெரும்பகுதியை இன்று படிப்போர் அரிது. அடிக்குறிப்பு உலகம் சுற்றுகிறது.

அப்பதவியில் பணியாற்றி அறிந்த நடுவர் குழு ஒன்று அமர்கிறது. ‘பணியைச் செய்யப் போதுமான, அதற்கு மேல் இல்லாத’ திறனுடைய நூறு சார்ஜண்டுகளைக் கற்பனை செய்யுமாறு அவர்களிடம் கூறப்படுகிறது. இந்த வினாவிற்கு அந்நூற்றுவரில் எத்தனை பேர் சரியான விடை தருவர் என்று ஒவ்வொரு வினாவிற்கும் அவர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரு வினாவிற்கு 90, மற்றொன்றிற்கு 60, வேறொன்றிற்கு 45 என அமையலாம். மதிப்பீடுகளின் சராசரிகளைக் கூட்டினால் அவ்வினாத்தாளுக்குரிய தேர்ச்சி மதிப்பெண் கிடைக்கும். எளிய வினாத்தாளுக்கு அது 76 ஆகலாம். கடினமானதற்கு 61 ஆகலாம்.

இம்முறையிலும் குறை உண்டு. விடை தெரிந்தவர்க்கு வினா எளிதாகவே தோன்றும்; நடுவர்கள் பொதுவாக மிகுத்து மதிப்பிடுவர். எனவே முதற்சுற்றிற்குப் பின் உண்மைத் தேர்வர்களின் விடைவிகிதங்களைக் காட்டி இரண்டாம் சுற்று நடத்துவது வழக்கம். இவ்வளவுக்குப் பின்னும் கிடைப்பது ஒரு தீர்ப்பே அன்றி இயற்கை உண்மையன்று. ஆனால் அத்தீர்ப்புக்குக் காரணங்கள் எழுத்தில் உள்ளன, எதிர்த்து வாதிட அவை இடந்தருகின்றன. உடன்படிக்கையில் எழுதிய 70உடன் வாதிட எதுவும் இல்லை.

இதில் ஒரு நல்ல பக்கவிளைவும் உண்டு. ‘போதுமான திறனுடைய சார்ஜண்ட் இதை ஏன் அறிந்திருக்க வேண்டும்?’ என்று நடுவர் ஒருவர் கேட்கும் கணத்திலேயே தரமற்ற வினா வெளிப்பட்டுவிடும்.

வினாவின் தரம்

கல்வியியல் பயின்றோர் வினாப் பகுப்பாய்வின் இரு குறியீடுகளை நன்கறிவர். சரியாக விடையளித்தோரின் விகிதம் கடினநிலை. மொத்த மதிப்பெண்ணில் மேலுள்ள 27 விழுக்காட்டினர்க்கும் கீழுள்ள 27 விழுக்காட்டினர்க்கும் இடையே அவ்விகிதத்தில் காணும் வேறுபாடு பாகுபடுத்தும் திறன். இரண்டாவது எதிர்மறையாக வருமாயின், நன்கு தேறியவர்கள் தவறவிட்ட வினாவைப் பிறர் சரியாக எழுதியுள்ளனர் என்பது பொருள். பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறாக இருக்கும்; அல்லது மிகுதியாக அறிந்தவர்க்கு மட்டுமே தெரியும் ஒரு விதிவிலக்கு மற்றொரு விடையையும் சரியாக்கியிருக்கும். காவல்துறைத் தேர்வுகளில் பின்னது எளிதில் நேர்வது. முன்னனுமதியின்றிச் சோதனையிடல் குறித்த சட்டம் தீர்ப்புக்குத் தீர்ப்பு நுணுக்கம் பெறுகிறது. அச்சிட்ட பாடநூல் அங்கேயே நிற்கிறது. துறையின் உள்விதி சட்டத்தினும் கடுமையாக இருக்கலாம். நூல், சட்டம், துறைவிதி மூன்றும் வேறுபடும்போது எதனை விடையாகக் கொள்வது?

இதிலிருந்து தப்ப வினா வகுப்போர் கையாளும் உத்தி, ‘இன்ன நூலின்படி’ என்று வினாவைத் தொடங்குவது. அதனால் விடைக்குறிப்பு பாதுகாப்புப் பெறுகிறது. ஆனால் சோதிக்கப்படும் பொருள் மாறிவிடுகிறது. குடும்பச் சண்டை நிகழ்ந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது வினாவாக இல்லாமல், அது குறித்து ஒரு நூலாசிரியர் வகுத்த படிநிலைகளுள் மூன்றாவது எது என்பது வினாவாகிறது. குறியீடுகள் இரண்டும் சிறப்பாக அமையலாம். மனப்பாடம் செய்தோரையும் செய்யாதோரையும் அது நன்றாகவே பாகுபடுத்தும். வினாப் பகுப்பாய்வு மட்டும் காட்டிக்கொடுக்க இயலாத குறை இது. அதற்கு ஏற்புடைமை ஆய்வு வேண்டும்: பணியைப் பகுத்தாய்ந்து, அதற்குரிய அறிவு, திறன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு வினாவும் அப்பட்டியலில் எதனைச் சார்கிறது எனக் காட்ட வேண்டும்.

பாஸ்டன்: ஒரே வகைத் தேர்வு, இரு தீர்ப்புகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்ஜண்ட் தேர்வை மாநில மனிதவளப் பிரிவு வகுத்தது. 2005, 2008ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் காவலர்கள் எழுதியது நூல் பாராது எழுதும் 100 பல்விடைத் தெரிவு வினாக்கள் கொண்ட தேர்வு. அதற்கு 80 விழுக்காடும் கல்வி, அனுபவத்திற்கு 20 விழுக்காடும் நிறை. முன்னரே அறிவிக்கப்பட்ட நூற்பட்டியலிலிருந்து வினாக்கள் எடுக்கப்பட்டன. கறுப்பின, இஸ்பானியக் காவலர்கள் தொடுத்த வழக்கில் முதலாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் பாஸ்டனுக்குச் சார்பாகப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. பாதக விளைவு இருந்தது. ஆனால் 1991, 2000ஆம் ஆண்டுகளின் பணிப் பகுப்பாய்வுகள் தேர்வுக்குப் போதிய அடிப்படை தந்தன. வேறொரு தேர்வு பாதக விளைவைக் குறைத்திருக்கும் என்பதை வாதிகள் நிறுவவில்லை என்பன காரணங்கள். 2002இல் நகரம் வாய்மொழிக் கூறு ஒன்றைச் சேர்த்துப் பெரும்பொருள் செலவிட்டுப் பார்த்ததும் கருத்திற் கொள்ளப்பட்டது.

ஆயின் தேர்வை வகுத்த மாநிலப் பிரிவு அவ்வழக்கில் பிரதிவாதியாக நிற்கவில்லை. அது காவலர்களின் ‘பணியளிப்பவர்’ அன்று என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2009இலேயே அதனை விடுவித்திருந்தது. மாநிலத்தின் சொந்தப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்காடலாம் என மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் வழிவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 2022 அக்டோபரில், மாநில மேனிலை நீதிமன்றம் எதிர்த் திசையில் தீர்ப்பளித்தது. சார்ஜண்டிற்கு வேண்டிய மேற்பார்வைத் திறனையும் மனிதரோடு பழகும் திறனையும் தேர்வு அளக்கவில்லை. பெரும்பாலும் நூற்செய்திகளின் நினைவாற்றலையே அளந்தது. அதன் பாதக விளைவை மாநிலம் நெடுங்காலம் அறிந்தே தொடர்ந்தது என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் மாநிலம் 4 கோடி டாலர் அளிக்க உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது.

இரு நீதிமன்றங்களுள் ஒன்று தவறியது என்று முடிவுகட்டுவது அவசரம். சட்டங்கள் வேறு, பிரதிவாதிகள் வேறு. கூட்டாட்சி நீதிமன்றம் கேட்ட வினா, ‘தேர்வில் உள்ளவை பணிக்குத் தேவையானவையா?’ என்பது. மாநில நீதிமன்றம் கேட்டது, ‘பணிக்குத் தேவையானவை தேர்வில் உள்ளனவா?’ என்பது. சட்ட அறிவு சார்ஜண்டிற்குத் தேவை என்பதில் ஐயமில்லை. எனவே முதல் வினாவிற்கு ஆம் என்னும் விடை எளிதில் கிட்டும். இரண்டாவது வினா விடுபட்டவற்றை நோக்குகிறது. தேர்வு பாதியையே அளந்து, அவ்வளவையைக் கொண்டு முழு வரிசையையும் அமைக்கும்போது, அளக்கப்படாத பாதியில் வல்லவர்கள் பின்தள்ளப்படுகின்றனர். என் கருத்தில் இரண்டாவது வினாவே அளவையியலுக்கு நெருக்கமானது. அதற்காகச் சூழ்நிலை வினாக்களை மிகுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் எனல் இயலாது. ‘முதலில் என்ன செய்வீர்?’ என்னும் வினாவிற்கு அனுபவமிக்க ஐந்து அதிகாரிகள் ஐந்து விடை கூறுவர். விடைக்குறிப்பில் ஒருமித்த கருத்தைப் பெறுவதற்கே பெரும் உழைப்பு வேண்டும்.

நீக்கப்பட்ட வினாக்களின் கணக்கு

தேர்வு முடிந்தபின் பிழையான வினாக்களை நீக்கும்போது, வினாத் தரமும் தேர்ச்சி மதிப்பெண்ணும் ஒன்றையொன்று தொடுவதைக் கண்கூடாகக் காணலாம். விடைக்குறிப்பு குறித்த வழக்குகள் இந்தியாவிலும் பழக்கமானவை. தெளிவாகத் தவறென நிறுவப்படாதவரை விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும் என நம் உச்ச நீதிமன்றம் கான்பூர்ப் பல்கலைக்கழக வழக்கில் 1983இல் கூறியுள்ளது. தவறென நிறுவப்பட்ட பின் என்ன செய்வது என்பதே இங்கு வினா.

100 வினாக்கள், தேர்ச்சி 70, அவற்றுள் 5 வினாக்கள் பிழையானவை எனக் கொள்வோம். ஒரு தேர்வர் 71 பெற்றுள்ளார். அந்த ஐந்திற்கும் விடைக்குறிப்பின்படியே விடையளித்தவர். ஐந்து மதிப்பெண்ணையும் எல்லார்க்கும் வழங்கினால் அவர் 71இலேயே நின்று தேறுகிறார். ஐந்து வினாக்களையும் நீக்கி விழுக்காடு கணக்கிட்டால் 95க்கு 66, அதாவது 69.5, தோற்கிறார். அவர் எழுதிய விடைகளில் எதுவும் மாறவில்லை. எந்த வழி நேர்மையானது என்பதற்கு 70 என்னும் வெற்றெண்ணில் விடையில்லை. நிர்வாகி தமக்குத் தோன்றியதைச் செய்வார். தோற்றவர் நீதிமன்றம் செல்வார்.

ஆங்காஃப் முறையில் வரையப்பட்ட தேர்ச்சி மதிப்பெண்ணாயின் நிலைமை வேறு. நீக்கப்பட்ட ஐந்து வினாக்களுக்கு நடுவர்கள் அளித்திருந்த மதிப்பீடுகளையும் கூட்டுத்தொகையிலிருந்து கழித்தால் போதும். அவை எளியனவாகக் கருதப்பட்டு ஒவ்வொன்றும் 0.9 பெற்றிருந்தால் புதிய தேர்ச்சி மதிப்பெண் 65.5, 66 பெற்ற அத்தேர்வர் தேறுகிறார். கடினமானவையாகக் கருதப்பட்டு 0.5 பெற்றிருந்தால் 67.5, தோற்கிறார். தோற்றாலும் அவர் கேட்டுப் பார்க்க ஏடு ஒன்று இருக்கிறது: எந்த வினா, யார் மதிப்பிட்டது, எந்தக் காரணத்தால் என்று.